சரிங்கன்னு சொல்லிச் சுருட்டி வெச்ச துணி

நம்ம பனியன் கம்பெனி யூனிட்டுல இருந்து இந்த ஜூன்ல காலேஜுக்குப் போகப் போற பிள்ளைங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் குடுங்கன்னு ஹெச்.ஆர். அம்மிணி போன் பண்ணிக் கேட்டுச்சு. நானும் சரிங்கன்னு சொல்லிட்டேன். போனை வெச்சதுக்கப்புறம்தான் எதைப் பத்தி எழுதணும், எத்தனை பக்கம், எப்ப வேணும்னு ஒண்ணுமே கேக்கலையேன்னு உறைச்சுது. ரிட்டயர் ஆகி ரெண்டு வருசமாச்சு, இந்தப் புத்தி மட்டும் முழுசாப் போகல. மறுபடியும் போன் பண்ணிக் கேட்டேன். "அக்கா, பதினெட்டு வயசுல காலேஜ் சேந்தீங்கல்ல, அந்தப் புள்ளை இப்ப எதுக்க வந்து நின்னா என்ன சொல்லுவீங்களோ அதை எழுதுங்க, போதும்"னு சொல்லுச்சு.

திட்டுவேன், வேறென்ன. அதுக்குக் காரணம் இருக்கு, சொல்றேன்.

உங்கள்ல பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். செக்கிங் டேபிள்ல ஆரம்பிச்சு குவாலிட்டி மேனேஜரா வெளிய வந்தவ. பின்னாடி நீங்க என்னை 'இஞ்ச் டேப் அக்கா'ன்னு கூப்பிட்டது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்காதீங்க. தெரியாத புதுப் பிள்ளைங்களுக்குச் சொல்றேன், என்ற பேரு பூங்கொடி. என்கிட்டத் திட்டு வாங்காம நம்ம யூனிட்டுல இருந்தது கேன்டீன் பூனை ஒண்ணுதான். ஒடிசா பிள்ளைங்களுக்கு இதைத் தமிழ் படிக்கத் தெரிஞ்சவங்க யாராச்சும் ஹிந்தியில சொல்லிருங்க. பாதி நாள் தையல், பாதி நாள் காலேஜுன்னு அவங்களும் உங்க கூடத்தானே வராங்க.

எங்கூரு மடத்துக்குளத்துக்குப் பக்கத்துல. கரும்பும் தென்னையும் வெச்சிருந்த குடும்பம். பன்னெண்டாவது முடிச்சுட்டு திருப்பூர்ல கார்மெண்ட்ஸ் டிப்ளமோ படிக்கறேன்னு நான் சொன்னப்ப ஊட்டுல யாரும் சண்டை போடல. அதுதான் பயமா இருந்துச்சு. எங்கப்பா சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்து பொறுமையாச் சொன்னாரு, "போ கண்ணு. படி. ஆனா காலேஜுல இருந்து உன்னையப் பத்தி ஒரு புகார் வந்துச்சுன்னா, அதுக்கப்புறம் ஒரு நாளுகூட அங்க வேண்டாம். நானே வந்து கூட்டிட்டு வந்தர்றேன்." ஒறம்பரையில, சொந்தத்துக்குள்ளயே, மாப்பிள்ளையும் தயாரா இருந்தாரு. நல்ல மனுசர்தான், குத்தம் சொல்ல முடியாது. எனக்குத்தான் அப்பக் கல்யாணம் வேண்டாம், படிப்பு வேணும். அதனால ஒரு புகார்கூட வராம மூணு வருசத்தை ஓட்டிரணும்னு முடிவு பண்ணிட்டுத்தான் பஸ் ஏறுனேன்.

புகார் வராம இருக்க எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி, யாரு என்ன சொன்னாலும் சரிங்கன்னு சொல்றது.

நம்ம கொங்குப் பக்கத்துப் பிள்ளைங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெரியவங்க ஒண்ணு சொல்லி முடிச்சாச் சரிங்கன்னு சொல்லணும். புரியலீங்கன்னு சொன்னா, சொன்னவங்களுக்குச் சொல்லத் தெரியலைன்னு நாம குத்தம் கண்டுபிடிச்ச மாதிரி ஆயிரும். அந்த மரியாதைக் குறைவை நாங்க செய்ய மாட்டோம். புரியாமலே போனாப் போகுதுன்னு இருந்துக்குவோம். வழி கேட்டாக்கூட அப்படித்தான். ஒருத்தர் சொல்ற வழிக்குத் தலையாட்டிட்டு, கொஞ்ச தூரம் போய் அடுத்தவங்ககிட்டக் கேப்போம்.

முதல் நாள் முதல் கிளாஸ். மேடம் அரை மணி நேரம் நூலு, பின்னல், துணியோட எடைன்னு பேசிட்டு, "புரிஞ்சுதா?"ன்னு கேட்டாங்க. நாப்பது பேரும் ஒரே குரல்ல "புரிஞ்சுதுங்க மேடம்"னு சொன்னோம். கடைசி பெஞ்சுல இருந்து ஒரு குரல் மட்டும் தனியா வந்துச்சு.

"எனக்கு வெளங்கல மேடம்."

அதுதான் ஜெபராணி. திருநெல்வேலிப் பக்கம் இருந்து வந்த குடும்பம், இங்க திருப்பூர்ல மண்ணரையில குடியிருந்தாங்க. அவங்கம்மா ஒரு பனியன் கம்பெனியில செக்கிங். கிளாஸே சிரிச்சுது. எல்லாரையும் விட எச்சாச் சிரிச்சது நான்தான், ஏன்னா எனக்கு ஒரு எழவும் புரிஞ்சிருக்கல. மேடம் சிரிக்கல. போர்டைத் துடைச்சுட்டு முதல்ல இருந்து சொன்னாங்க. ரெண்டாவது தடவை எனக்குப் புரிஞ்சுது. ஜெபராணி கேட்ட கேள்வியில நான் பாடம் படிச்சேன், அவளைப் பாத்துச் சிரிக்கவும் செஞ்சேன். இப்ப நெனச்சாக் கூச்சமா இருக்கு.

மதியம் சாப்பிடறப்ப அவகிட்டக் கேட்டேன், "ஏனுங்க, அத்தனை பேரு முன்னாடிப் புரியலைன்னு சொல்றதுக்கு வெக்கமா இல்லையா?" அவ சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே சொன்னா, "இன்னைக்குக் கேட்டா ஒரு நாள் சிரிப்பாவ. ஆறு மாசம் கழிச்சுக் கேட்டா, இவ்ளோ நாளும் என்னட்டி செஞ்சன்னு கேப்பாவ. எது மேலுன்னு நீயே சொல்லு." நான் அதுக்கும் சரிங்கன்னு தலையாட்டிட்டுப் போயிட்டேன்.

ஆறு மாசமும் ஓடுச்சு. என்ற நோட்டுதான் கிளாஸ்லயே அழகான நோட்டு. மார்ஜின் போட்டு, கலர் பென்சில்ல படம் வரைஞ்சு வெச்சிருப்பேன். உள்ளுக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு எனக்குத்தான் தெரியாது. அப்பத்தான் ரெண்டு ரெண்டு பேரா மூணு வாரம் கம்பெனி ட்ரெயினிங் அனுப்புனாங்க. என்னையும் ஜெபராணியையும் அவிநாசி ரோட்டுல ஒரு சின்ன யூனிட்டுக்குப் போகச் சொன்னாங்க.

அங்க இருந்த கட்டிங் மாஸ்டர் ஒரு நாளைக்கு நாப்பது வார்த்தைக்கு மேல பேச மாட்டாரு. சொல்றதை ஒரு தடவைதான் சொல்லுவாரு, அதுவும் மெஷின் சத்தத்துல. அந்த வாரம் துணி வாங்கற வெளிநாட்டு பையரோட ஆளு வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வரதா இருந்துச்சு. ஆறு டி-சர்ட் சாம்பிள் காட்டணும். அது பிடிச்சாத்தான் ஆர்டர். முதலாளி ரெண்டு நாளா டீ டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டே நடந்துட்டிருந்தாரு.

புதன்கிழமை பொழுதோட மாஸ்டர் என்னைக் கூப்பிட்டாரு. ஜெபராணி அவங்க அக்கா நிச்சயதார்த்தத்துக்கு ரெண்டு நாள் லீவு போட்டிருந்தா. "அம்மிணி, அந்த ரோலைப் பிரிச்சு டேபிள் மேல லூசா விட்டிருங்க. அப்படியே கெடக்கட்டும். காலையில வெட்டிக்குவாங்க. புரிஞ்சுதுங்களா?"

"சரிங்க."

பிரிச்சேன். நல்ல மெத்துனு இருந்த துணி, டேபிள் முழுக்கக் குமிஞ்சு கெடந்துச்சு. பாக்கவே எனக்குப் பொறுக்கல. எங்கம்மா வளர்ப்பு அப்படி. ஊட்டுல துவைச்ச துணி கட்டில் மேல குமிஞ்சு கெடந்தா, அன்னிக்குச் சாப்பாட்டோட திட்டும் கிடைக்கும். காலையில முதலாளி வந்து பாத்தா என்ன நெனப்பாரு, தூசி வேற விழும். எதுக்கு இப்படிப் போடச் சொன்னாருன்னு ஒரு நிமிசம் மாஸ்டர்கிட்டப் போய்க் கேட்டிருக்கலாம். பத்தடி தூரத்துல நின்னுக்கிட்டிருந்தாரு. நான் கேக்கல. ஓரம் ஓரமாப் பிடிச்சு இழுத்து, நீவி நீவி, மறுபடியும் ரோலுக்கு நடுவுல இருந்த அதே குழாயில இறுக்கமாச் சுருட்டி, மேல ஒரு பாலித்தீனும் போட்டு மூடி வெச்சுட்டு ஹாஸ்டலுக்குப் போனேன். நல்ல காரியம் பண்ணிட்டேன்னு அன்னிக்கு நிம்மதியாத் தூங்குனேன்.

வியாழக்கிழமை காலையில மாஸ்டர் சாயம் போடற எடத்துக்கு, டையிங்குக்குப் போயிட்டாரு. வெட்டற அண்ணனுங்க ரெண்டு பேரும் ரோலை விரிச்சாங்க, அளவு வெச்சாங்க, வெட்டிட்டாங்க. தையலுக்குப் போச்சு. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஆறு பீஸும் டேபிளுக்கு வந்துச்சு. முதலாளியே டேப்பை எடுத்து நீளம் பாத்தாரு. இருபத்தெட்டு இஞ்ச் இருக்க வேண்டியது இருபத்தாறரை. அடுத்ததும் அப்படித்தான். ஆறும் அப்படித்தான்.

யூனிட்டே நின்னு போச்சு. முதலாளி மாஸ்டரைப் பாத்து, "இருபது வருசமா வெட்டறீங்க, இஞ்சு பாக்கத் தெரியாதுங்களா?"ன்னு அத்தனை பேரு முன்னாடிக் கேட்டாரு. மாஸ்டர் அளவு அட்டையை நீட்டுனாரு. "சரியாத்தானுங்க வெட்டியிருக்குது." வெட்டுன அண்ணனுங்களும் அதையே சொன்னாங்க. என்ன நடந்துச்சுன்னு யாருக்கும் பிடிபடல. எனக்கும் பிடிபடல, ஆனா அந்த ரோலைத் தொட்டவங்கள்ல நானும் ஒருத்தின்னு தெரியும். நான் தூணுக்குப் பின்னாடிப் போய் நின்னுக்கிட்டேன்.

அப்ப ஜெபராணி கையைத் தூக்குனா. கிளாஸ்னு நெனச்சுட்டா போல.

"சார், எனக்கு ஒண்ணு வெளங்கல. வெட்டையில இருபத்தெட்டு இருந்துச்சுங்கீங்க. தச்ச பொறவு இருபத்தாறரைங்கீங்க. நடுவுல அந்த ஒன்றரை இஞ்ச் எங்க போச்சு?"

"அதைத்தானம்மிணி நானும் அரை மணி நேரமாக் கேட்டுட்டிருக்கறேன்"னு முதலாளி எரிஞ்சு விழுந்தாரு. ரெண்டு பேரு சிரிச்சாங்க. மாஸ்டர் மட்டும் சிரிக்கல. அவரு நேராப் போய் மிச்சம் இருந்த ரோலைத் தொட்டுப் பாத்தாரு, பெருவிரல்ல அழுத்திப் பாத்தாரு. ரோலு கல்லாட்டம் இருந்துச்சு.

"இதை யாரு இப்படிச் சுத்துனது?"

பின்னல் துணி இழுத்தா நீளும், விட்டாச் சுருங்கும்னு உங்களுக்கு இன்னிக்கு முதல் நாளே சொல்லிக் குடுத்தர்றாங்க. இறுக்கிச் சுருட்டி வெச்சா இழுபட்டு நிக்கும். லூசா விட்டு வெச்சாத்தான் சுருங்க வேண்டியது முன்னாடியே சுருங்கிக்கும், அதுக்கப்புறம் வெட்டணும். நான் அதைச் சுருங்க விடாம மறுபடியும் இழுத்துச் சுருட்டிட்டேன். வெட்டுனதுக்கப்புறம் அது பாட்டுக்குச் சுருங்கிக்கிச்சு. மாஸ்டர் கேட்ட அந்த நிமிசம்தான் எனக்கு எல்லாம் ஒட்டுக்காப் புரிஞ்சுது.

என்னை யாரும் பாக்கல. புதன்கிழமை சாயந்திரம் அவரு என்கிட்டச் சொன்னது மாஸ்டருக்கு இன்னும் ஞாபகத்துக்கு வரல. கம்முனு இருந்திருந்தாத் தப்பிச்சிருக்கலாம். சொன்னா ட்ரெயினிங் ரிப்போர்ட்டுல எழுதுவாங்க, ரிப்போர்ட் காலேஜுக்குப் போகும், காலேஜுல இருந்து ஊட்டுக்கு லெட்டர் போகும், எங்கப்பா பஸ் ஏறுவாரு. இதெல்லாம் வரிசையா என்ற கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. வெட்டுன ரெண்டு அண்ணனுங்களும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. நீ சுத்துனயா, நீ சுத்துனயான்னு. அதைப் பாத்துக்கிட்டு என்னால நிக்க முடியல.

"நான்தானுங்க சுத்துனேன்."

"சரிங்கன்னு சொன்னீங்களே அம்மிணி"ன்னாரு மாஸ்டர். அவரு குரல்ல கோபம்கூட இல்லை, ஆச்சரியம்தான் இருந்துச்சு.

"புரியாமத்தானுங்க சொன்னேன்."

முதலாளி தலையில அடிச்சுக்கிட்டாரு. அப்பப் பதினொன்றரை. நாலு மணிக்கு ஆளு வந்துரும். "அயர்ன் டேபிளுக்கு எடுத்துட்டுப் போங்க. நல்லா ஆவி விட்டு இழுத்து, இருபத்தெட்டுக்குக் கொண்டு வாங்க. டேப்புல சரியா இருந்தாப் போதும்"னு சொன்னாரு. அப்படி இழுக்க முடியும், இழுக்கறவங்க இன்னிக்கும் இருக்காங்க. ஆறு பீஸையும் எடுத்துட்டு அயர்ன்காரரு கிளம்பிட்டாரு.

எப்படியும் புகார் போகத்தான் போகுது, இனி என்ன கெட்டுப் போயிரும்னு எனக்கு ஒரு குருட்டு தைரியம். திருப்பூருக்கு வந்த ஆறு மாசத்துல பெரியவங்ககிட்ட நான் வாயைத் தொறந்து கேட்ட முதல் கேள்வி அதுதான். "ஏனுங்க, இழுத்துக் குடுத்தர்றோம். அவங்க ஊருல போய் ஒருக்காத் துவைச்சா என்ன ஆகுமுங்க?"

முதலாளி என்னை முறைச்சாரு. இந்தக் கேள்வியைக் கேக்கற யோக்கியதை எனக்கு இல்லைன்னு அவரு நெனச்சிருந்தா அது நியாயம்தான். மாஸ்டர்தான் பதில் சொன்னாரு. "பழையபடி ஆயிருமுங்க. சாம்பிளும் போயிரும், நம்ம பேரும் போயிரும்."

முதலாளி நாற்காலியில உக்காந்தாரு. அப்புறம் அயர்ன்காரரைக் கூப்பிட்டு நிறுத்தச் சொன்னாரு. மிச்சத் துணியைப் பிரிச்சு லேசா ஆவி காட்டி லூசா விட்டோம். ரெண்டு மணி வரைக்கும் ஒருத்தரும் அதைத் தொடக் கூடாதுன்னு மாஸ்டர் சொல்லிட்டாரு. நான் அவரு பின்னாடியே சுத்திக்கிட்டு, எத்தனை நேரம் விடணும், போதும்னு எப்படித் தெரியும், மடிப்பு இருந்தா என்ன ஆகும்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். அவரோட நாப்பது வார்த்தையும் அன்னிக்கு எனக்கே செலவாச்சு. ஆறு பீஸுக்கு நேரம் இல்லை, ரெண்டுதான் முடிஞ்சுது. வந்த ஆளுகிட்ட முதலாளி நடந்ததைச் சொல்லி, ரெண்டைக் குடுத்து, மிச்சம் நாலும் அடுத்த வாரம் தரோம்னு சொல்லிட்டாரு. அந்த ஆளு அளந்து பாத்தாரு, பரவாயில்லைன்னு தலையாட்டிட்டுப் போனாரு. ஆர்டர் கிடைச்சுதான்னு கேப்பீங்க. கிடைச்சுது, உடனே இல்லை, ஒரு மாசம் இழுத்து அலைய விட்டுத்தான் குடுத்தாங்க.

இதுல இருந்து பதினெட்டு வயசு பூங்கொடிக்கு நான் சொல்றது இதுதான். அடியே, கேக்கறதை முதல் வாரமே கேட்டுத் தொலை. மரியாதைங்கறது சொன்னவங்க சொன்னதை ஒழுங்காச் செஞ்சு குடுக்கறதுல இருக்கு. புரியாமத் தலையாட்டறதுல யாருக்கு என்ன மரியாதை? நோட்டு அழகா இருந்தா நோட்டுக்குத்தான் நல்லது. உன்னையப் பாத்துச் சிரிக்கறவளுக்கும் புரிஞ்சிருக்காது, அதை நான் சத்தியம் பண்ணிச் சொல்லுவேன், நானே சிரிச்சவதானே. கேள்வி கேக்கற ஒருத்தியைக் கிளாஸ்ல கண்டுபிடிச்சு அவ பக்கத்துல போய் உக்காந்துக்கோ. அப்படி யாரும் இல்லைன்னா நீயே அந்த ஒருத்தியா இருந்துக்கோ.

இனி என்ற புகார் கதை. காலேஜுல என்ற ட்ரெயினிங்கைப் பாதியில நிறுத்திட்டாங்க, நெனச்ச மாதிரியே ஊட்டுக்கு லெட்டரும் போச்சு. அதுக்கடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை எங்கப்பா காலேஜுக்கு வந்துட்டாரு. வெள்ளை வேட்டி, சட்டை, கையில மடிச்சு வெச்ச ஒரு பெரிய காலிப் பை. அது எதுக்குன்னு எனக்குத் தெரியும். என்ற துணிமணியை எடுத்துட்டுப் போக.

மேடம் ரூம்ல அவரை உக்காரச் சொன்னாங்க, உக்காரவே மாட்டேன்னுட்டாரு. மேடம் நல்லவங்கதான், ஆனா வேகமாப் பேசுவாங்க, பாதி இங்கிலீஷ். ட்ரெயினிங் இன்கம்ப்ளீட், மார்க் ஹோல்டு, வெக்கேஷன்ல ரிப்பீட், பேரண்ட் கன்சென்ட் வேணும், அது இதுன்னு மூச்சு விடாமச் சொன்னாங்க. எங்கப்பா ஒவ்வொண்ணுக்கும் "சரிங்க, சரிங்க"ன்னு தலையாட்டுனாரு. கடைசியா மேடம் ஒரு பேப்பரை நீட்டி, "இதுல சைன் பண்ணிருங்க, உங்களுக்கு ஓகேதானே?"ன்னு கேட்டாங்க.

"சரிங்க. கூட்டிட்டுப் போயர்றனுங்க"ன்னாரு எங்கப்பா.

அதுக்குள்ள மேடம் குனிஞ்சு அடுத்த பைலைப் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. அவரு சொன்னது அவங்க காதுலயே விழல. என்னைக் கூட்டிட்டுப் போறதுக்கான பேப்பர்னு நெனச்சு எங்கப்பா கையெழுத்துப் போடப் பேனாவைத் தொறந்துட்டாரு. ரிப்பீட்டுன்னா ஒரு வருசம் மறுபடியும் படிக்கணும்னு நான் நெனச்சுக்கிட்டிருந்தேன். ஒரு வருசத்துக்கு எங்கப்பா எந்தக் காலத்துலயும் ஒத்துக்க மாட்டாரு. கையெழுத்து விழுந்துச்சுன்னா என்ற படிப்பு முடிஞ்சுது.

"மேடம், எங்கப்பாவுக்கு நீங்க சொன்னது புரியலீங்க. எனக்கும் பாதிதான் புரிஞ்சுதுங்க. இன்னொருக்காத் தமிழ்ல சொல்லுங்க."

"கம்முனு இரு கண்ணு"ன்னு அப்பா என்ற கையைப் பிடிச்சாரு. அவருக்கு மூஞ்சியே வேர்த்துப் போச்சு. மேடம் நிமிந்து எங்க ரெண்டு பேரையும் பாத்தாங்க, பைலை மூடி வெச்சாங்க.

"மே மாச லீவுல மூணு வாரம் இவ அதே கம்பெனிக்கு மறுபடியும் போகணும். போனா இந்த வருசம் பாஸ், அவ்வளவுதான். அதுக்கு உங்க சம்மதம் வேணும். வேற கம்பெனிக்கு அனுப்பலாம்னுதான் நான் பாத்தேன். அந்த முதலாளி ஒத்துக்கல. தப்புப் பண்ணுன புள்ளைதான், ஆனா தானா வந்து சொன்ன புள்ளை, எங்ககிட்டயே அனுப்புங்கன்னு எழுதியிருக்காரு. இப்பப் புரிஞ்சுதுங்களா?"

எங்கப்பாவுக்குச் சரிங்கன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு, நான் பாத்தேன். ஆனா சொல்லல. என்னைப் பாத்தாரு, பேப்பரைப் பாத்தாரு, மேடத்தைப் பாத்தாரு. என்ற பதினெட்டு வருசத்துல எங்கப்பா ஒரு பெரிய மனுசங்க முன்னாடி புரியலைங்கற வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"இல்லீங்க மேடம். எனக்கு ஒண்ணு மட்டும் புரியலீங்க. அப்ப நான் புள்ளையைக் கூட்டிட்டுப் போக வேண்டியதில்லீங்களா?"

"வேண்டியதில்லைங்க. படிக்கட்டும்."

எங்கப்பா அப்பத்தான் நாற்காலியில உக்காந்தாரு. பேப்பரை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒவ்வொரு வரியா விரல் வெச்சு மேடத்துகிட்டக் கேட்டுக்கிட்டே போனாரு. கம்பெனிக்கு எந்த பஸ்ஸு, சாப்பாடு யாரு குடுப்பாங்க, ஹாஸ்டல்ல தண்ணி நல்லா வருதா, பின்னல் துணி எதுக்குச் சுருங்குதுன்னு எல்லாத்தையும் கேட்டாரு. மேடம் ஒவ்வொண்ணுக்கும் பதில் சொன்னாங்க. கடைசிக் கேள்விக்கு மட்டும் என்னைப் பதில் சொல்லச் சொன்னாங்க. நான் அழுதுக்கிட்டே சொன்னேன், எங்கப்பா நடுவுல ரெண்டு சந்தேகம் கேட்டாரு.